ஒதுங்கி இருந்த நாட்கள்

சித்திக்கு இரண்டாவது கீமோவுக்குப் பின் வெள்ளணுக்கள் அடியோடு இறங்கின. வேகமாகப் பெருகும் அணு எதுவானாலும் கீமோ மருந்து அழிக்கும். மார்பிலுள்ள கட்டியா, எலும்பு மஜ்ஜையா என்று அதற்குப் பேதமில்லை. மூன்றாவது கீமோ ஒரு வாரம் தள்ளிப்போனது. அதன்பின் கீமோ முடிந்து ஒரு நாள் கழித்து ஃபில்கிராஸ்டிம் ஊசி, தினம் ஒன்றாக.

நம் உடம்பே சுரக்கும் புரதம்தான் அது. 1980களில் அதற்கான மனித மரபணுவைக் கண்டுபிடித்து, ஈ.கோலி பாக்டீரியாவுக்குள் வைத்து உற்பத்தி செய்தார்கள். 1991இல் அமெரிக்கா அனுமதித்தது. கிருமியை எதிர்க்கும் அணுக்களைப் பெருக்கக் கிருமியே மருந்து சமைக்கிறது என்றேன். "திருடனைக் காவலுக்கு வெச்ச மாதிரி" என்றாள் சித்தி.

மயிலாப்பூர் வீட்டு ஃப்ரிட்ஜில் தயிருக்கும் தோசை மாவுக்கும் நடுவே ஊசி. கொல்லைப்புற அறையில் சித்தி. தனித்தட்டு, தனி டம்ளர், மல்லிகைப்பூ கூடாது, கூட்டம் கூடாது. அறுபத்துமூவர் உற்சவம் அவளில்லாமலே நடந்தது. "தூரமானவ மாதிரின்னா ஒக்காந்திருக்கே" என்றார் எதிர்வீட்டு மாமி. சித்தி சிரித்தாள்: "அப்போ நான் தொட்டா மத்தவாளுக்குத் தீட்டு. இப்போ மத்தவா தொட்டா எனக்கு ஆபத்து. இது தேவலை."

மூன்றாம் நாள் இடுப்பிலும் நடுமுதுகிலும் குடைச்சல். இரண்டு இரவு யாரிடமும் சொல்லவில்லை. புற்று எலும்புக்குள் இறங்கிவிட்டது என்று முடிவுகட்டி, பீரோ சாவியை என்னிடம் கொடுத்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. மஜ்ஜை அவசரமாக அணுக்களைப் பெருக்கும்போது இப்படி வலிக்கும், ஊசியின் சாதாரணப் பின்விளைவு இது. மருத்துவமனையில் ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கேட்டதற்கு, "லேசாத்தான் இருக்கும், பாராசிட்டமால் போடுங்கம்மா" என்றார்கள். லேசு என்பது யாருடைய அளவு? பொறுத்துக்கொள்ளப் பழக்கப்பட்ட உடம்பிடம் வலி இருக்கிறதா என்று கேட்டால்கூட முதல் பதில் "ஒண்ணுமில்லே"தான். கேட்கவே இல்லையென்றால்?

1923இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சேர்ந்த சாந்தா 2021இல் இறக்கும்வரை அதோடுதான் இருந்தார். இரண்டு பெண்கள் இத்தனை செய்த ஊர் இது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி வலியை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள்.

அன்றைக்கே சித்தி பால்கணக்கு நோட்டில் கோடு போட்டாள். தேதி, ஜுரம், வெள்ளணு எண்ணிக்கை. நான்காவதாக ஒரு கட்டம்: வலி, பத்துக்கு எத்தனை. மறுநாள் ஊசி போட வந்த நர்ஸிடம் கையை நீட்டுமுன் நோட்டை நீட்டினாள்.