நீ தந்த அளவுகள்

அன்புள்ள ஹார்ட்டெயில் சைக்கிளே,

புது ஃபிரேம் தேடுகிறேன் என்பது உனக்கு முன்பே தெரியும். கூடத்துச் சுவரில் நீ சாய்ந்து நிற்க, உன் எதிரிலேதான் அளவுப் பட்டியல்களை விரித்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தோம். "இது பழைய ஜியோமெட்ரி, மாற்றிவிடு" என்றார்கள் நண்பர்கள். நீ கொஞ்சம் அவகாசம் கேட்பதாக எனக்குத் தோன்றியது. உன்னில் மாற்ற முடியாதவை சில கோணங்களும் சில நீளங்களும்தான். மற்றதெல்லாம் ஆலன் கீக்கு அசைந்து கொடுக்கும். அந்த அவகாசத்தில் உன்னிடம் பட்ட கடன்களை எழுதி வைக்கிறேன்.

ஹார்ட்டெயிலே, முதல் கடன் வெறும் காற்று. பின்பக்கம் ஸ்பிரிங் இல்லாத உனக்கு டயரே சஸ்பென்ஷன். கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களின் ஊடே இறங்கும் மண்பாதையில் சில்வர் ஓக் வேர்கள் குறுக்கே கிடக்குமே, அங்கே 40 பிஎஸ்ஐ காற்றோடு போனால் பின்சக்கரம் மண்ணில் இருப்பதைவிட அந்தரத்தில் இருப்பதே அதிகம். டியூப் இருந்தவரை காற்றைக் குறைக்கவும் வழியில்லை. கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி அடுத்தடுத்து இரண்டு ஓட்டை விழும். ரிம் டேப் ஒட்டி, சீலன்ட் ஊற்றி, டியூப்லெஸ் ஆக்கினோம். முன்னால் 24, பின்னால் 27. என் எடை பெரும்பாலும் பின்னால் இறங்குவதால் அங்கே அந்த மூன்று கூடுதல். அன்றிலிருந்து வேர்மேல் ஏறும்போது டயர் அமுங்கி, பிடித்து, விடுகிறது. அலுமினியம் என்றால் முதுகைப் பதம் பார்க்கும் என்று உன்னைப் பழித்தவர்கள் பிரஷர் கேஜை எடுத்துப் பார்த்ததே இல்லை. ஃபிரேம் வளைந்து கொடுப்பதைவிட டயர் வளைந்து கொடுப்பது பல மடங்கு.

பொறுமைக்காரனே, உன் 90 மி.மீ. ஸ்டெம்மையும் 660 மி.மீ. ஹேண்டில்பாரையும் கழற்றிய நாளுக்கும் நன்றி. 60 ஸ்டெம், 740 பார். ஸ்டெம் குட்டையானால் ஹேண்டில் வெடுக்கெனத் திரும்பும், அகலமான பார் அந்த வேகத்தை அடக்கும். அதனால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். செங்குத்து இறக்கத்தில் என் நெஞ்சு முன்சக்கரத்துக்கு மேலே போய்த் தொங்குவது நின்றது. பிரேக் லீவரை உள்ளே தள்ளி, ஒரே விரல் அதன் நுனியில் படும்படி வைத்ததற்குக் காசே செலவில்லை. கை எட்டவில்லை என்று சீட்டை முன்னே இழுக்கும் வழக்கம் கடைகளில்கூட உண்டு. சீட் காலுக்கு உரியது, கையின் தூரத்தை ஸ்டெம் பார்த்துக்கொள்ளும் என்பது உன்மேல் உட்கார்ந்து கற்ற பாடம்.

ஹார்ட்டெயிலே, ஃபோர்க் விஷயத்தில்தான் நீ எனக்கு ஆசான். ஃபுல் சஸ்பென்ஷன் வண்டியில் ஏறி நின்றால் முன்னும் பின்னும் சேர்ந்து அமிழும். கோணம் பெரிதாக மாறாது. உனக்கு முன்பக்கம் மட்டுமே இறங்கும். இறங்க இறங்கத் தலைக்கோணம், அதாவது ஃபோர்க்கின் சாய்வு, நிமிர்ந்துகொண்டே போகும். சரிவில் எது வேண்டாமோ அதுவே நடக்கும். ஆகவே மெத்தென்று இருக்கட்டுமே என்று ஃபோர்க்கில் காற்றைக் குறைப்பது உனக்கு ஆகாது. ஃபோர்க் காலில் இருக்கும் ரப்பர் வளையத்தை வைத்து அளந்து, 100 மி.மீ.யில் 25 அமிழ்ந்ததை 18க்குக் கொண்டுவந்தோம். பிறகு ஏர் ஷாஃப்டை மாற்றி 100ஐ 120 ஆக்கினோம். தலைக்கோணம் ஏறத்தாழ ஒரு டிகிரி சாய்ந்தது. உன்னைச் செய்தவர்கள் அனுமதித்த எல்லை அதுதான். அதைத் தாண்டினால் கூடும் சுமையை ஹெட் டியூப் வெல்டிங் சுமக்க வேண்டியிருக்கும், அந்த ஆசை எனக்கில்லை. முன்பக்கம் உயர்ந்ததில் சீட்டும் பின்னால் சாய்ந்தது. அந்த அளவுக்கு அதை ரெயிலில் முன்னே தள்ளினேன். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசையும் என்று எத்தனை பொறுமையாகக் காட்டினாய்!

பழைய தோழா, உன் முன்னோரும் இப்படித்தான். கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் 1970களில், 1930களின் ஷ்வின் வண்டிகளைக் குப்பையிலிருந்து எடுத்து வந்து மலையில் இறக்கினார்கள். கேரி ஃபிஷர் போன்றவர்கள் அவற்றில் கியரும் டிரம் பிரேக்கும் மோட்டார் சைக்கிள் லீவரும் பூட்டினார்கள். ரீபேக் என்னும் இறக்கப் பந்தயம் 1976இல் தொடங்கியது. பின்சக்கர ஹப் பிரேக்கின் கிரீஸ் ஒரே இறக்கத்தில் எரிந்துபோக, மறுபடி அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பெயர். பழைய இரும்பை இப்படிப் பழகித் தீர்த்த பிறகே, 1977இல், அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் மலைக்கென்றே புதிதாக ஒரு ஃபிரேம் செய்தார். எது வேண்டும் என்பது அதற்குள் அவர்களுக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

என் ஹார்ட்டெயிலே, எனக்கும் இப்போது தெரிகிறது. இத்தனைக்கும் பிறகு எஞ்சியிருக்கும் குறைகளே உண்மையில் உன் குறைகள். உன் ரீச் 420, அதாவது கிராங்க் சுழலும் அச்சுக்கு நேர்மேலிருந்து ஹெட் டியூப் உச்சி வரையுள்ள கிடைத்தூரம். 60 ஸ்டெம்மோடு சேர்த்தால் 480. புதியதில் 40 ஸ்டெம் போட நினைக்கிறேன். அப்படியானால் 440ஐ ஒட்டிய ரீச் உள்ள ஃபிரேம் வேண்டும். கடைக்காரரிடம் மீடியமா, லார்ஜா என்று இனி விழிக்க மாட்டேன், எண்ணைச் சொல்வேன். உன் பின் ஹப் 135 மி.மீ., இன்றைய பூஸ்ட் ஃபிரேம்கள் கேட்பது 148. உன் 26 அங்குலச் சக்கரங்களுக்கும் அங்கே இடமில்லை. ஃபிரேமை மட்டும் மாற்றுவது என்ற பேச்சே இதனால் அடிபட்டுப் போனது. உன்னைப் பிரித்து எடுக்கப் போவதில்லை.

தோழா, நீ முழுசாக அக்கா மகனிடம் போகிறாய். அவன் என்னைவிட ஒல்லி. டயரில் இரண்டு பிஎஸ்ஐ குறைத்துவிட்டேன். ஃபோர்க்கின் காற்றை அவனை ஏற்றி நிறுத்தித்தான் வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.

என்றும் உன் கடனாளி