கேள்வி கேட்காத உதவி

பணத்தைப் பற்றிய பேச்சு எந்த வீட்டிலும் பணத்தோடு நிற்பதில்லை. யார் உழைக்கிறார், யார் உண்கிறார், யாருடைய மானம் யார் கையில் இருக்கிறது என்பதுவரை அது சென்றுவிடும். திருச்சிராப்பள்ளியில் நம் சிறிய வீட்டில் இரண்டு மூன்று ஆண்டுகளாக நடந்த பேச்சும் அத்தகையதே. அதை இங்கே எழுதுவதில் நமக்குத் தயக்கம் உண்டு. எனினும், வாசக அன்பர்கள் பலர் இல்லங்களிலும் இதே பேச்சு நடந்திருக்கும் என்ற துணிவில் எழுதுகிறோம்.

நம் மகன் துணிக்கடையில் விற்பனையாளன். மாதம் 14,000 ரூபாய் சம்பளம். மருமகள் திருவரங்கத்தில் ஒரு மருந்துக் கடையில் கணக்கு எழுதுகிறாள், அவளுக்கு 9,000. கண் பார்வை மங்கியதால் நாம் வேலையை விட்டு வீட்டில் இருக்கிறோம். காலை எட்டு மணிக்கெல்லாம் மருமகள் சத்திரம் பேருந்து நிலையத்தில் இருந்தாக வேண்டும். நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று 2021 மே மாதத்தில் அரசு அறிவித்த பிறகுதான், காவிரிப் பாலம் தாண்டிப் போய் வேலை பார்ப்பது அவளுக்குக் கட்டுப்படியாயிற்று.

மனைவியின் சம்பாத்தியம் அவளுடைய உடைமை, குடும்பச் செலவு கணவனின் பொறுப்பு என்பது நம் மார்க்கச் சட்டம். அதை நம் மகனும் அறிவான். ஆயின் வீட்டு வாடகையும் கடன் தவணையும் சட்டம் படித்துவிட்டு வருவதில்லை. அவள் சம்பளம் வாங்கிய மறுநாளே அதில் பெரும்பகுதி வீட்டுச் செலவில் கரைந்துவிடும். "தாய் வீட்டில் இல்லாத பிள்ளை எப்படி வளரும்?" என்று நம் இல்லத்தரசி கேட்பார். "அந்தப் பிள்ளைக்காகத்தானே மாமி போகிறேன்" என்பாள் மருமகள். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்ததால் நாம் வாய் திறந்ததில்லை.

இந்த நிலையில்தான் 2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கிற்று. தகுதியுள்ள குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய். குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்துக்குக் கீழ் இருக்க வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. விண்ணப்பம் கொடுக்கும் காலத்தில் நாமும் கணக்குப் போட்டோம். மகன் சம்பளம் மட்டும் என்றால் ஆண்டுக்கு 1,68,000, தகுதி உண்டு. மருமகள் சம்பளமும் சேர்ந்தால் 2,76,000, தகுதி இல்லை.

உறவினர் ஒருவர் எளிய வழி சொன்னார். "மருமகள் வேலைக்குப் போவதை எழுத வேண்டாம். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?" நம் இல்லத்தரசிக்கு ஆசைதான். வாழ்நாளில் தம் பெயருக்கென்று ஒரு ரூபாய் வந்து பார்த்ததில்லை அவர். மகன் எந்தப் பக்கமும் பேசவில்லை. மருமகள்தான் பேசினாள்: "நான் உழைப்பதை இல்லை என்று எழுதி வாங்குகிற ஆயிரம் எனக்கு வேண்டாம் மாமா."

விண்ணப்பம் எழுதப்படவில்லை. ஆனால் அதன் பிறகு பல நாட்கள் மாமியும் மருமகளும் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசிக்கொள்ளவில்லை. ஆயிரம் ரூபாய் வராமலேயே ஒரு வீட்டை இரண்டாக்கிற்று.

அடுத்த பிணக்கு 2025 ஆகஸ்டில் வந்தது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நடந்து வந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், அம்மாதம் 26ஆம் நாள் நகரங்களிலுள்ள அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிவாயிற்று. நம் பேத்தி படிப்பது அத்தகைய பள்ளியில். நாளை முதல் பிள்ளை பள்ளியிலேயே சாப்பிடட்டும், காலைப் பரபரப்புக் குறையும் என்றாள் மருமகள். "ஏன், நம் வீட்டில் அடுப்பு எரியவில்லையா? நன்னியின் கைச் சோறு கசக்கிறதா?" என்று இல்லத்தரசி பொங்கினார். இம்முறை நம்மைத் தீர்ப்புச் சொல்லக் கேட்டார்கள். நாம் உடனே சொல்லவில்லை. நம் நினைவு 1982க்குப் போய்விட்டது.

அவ்வாண்டு ஜூலை முதல் நாள், நம் ஊருக்கு அருகிலுள்ள பாப்பாக்குறிச்சியில்தான் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதலில் கிராமங்களுக்கு, செப்டம்பரில் நகரங்களுக்கும். நாம் அப்போது நான்காம் வகுப்பு. அத்தா உறையூரில் சுருட்டுச் சுற்றுபவர். எண்ணிக்கைக்குக் கூலி, சுருட்டுத் தொழிலோ ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்துகொண்டிருந்தது. அம்மா வீட்டிலிருந்தே செயற்கை வைரக் கற்களுக்குப் பட்டை தீட்டிக் கொடுப்பார். இருவர் உழைத்தும் பகல் உணவு பல நாள் நீராகாரம்தான். ஆனால் அத்தா, வாங்கும் கை தாழ்ந்த கை என்று கேட்டு வளர்ந்தவர். "என் பிள்ளை ஓசிச் சோறு தின்னக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

அம்மா எதிர்த்துப் பேசவில்லை. மறுநாள் புத்தகங்களுக்கு அடியில் ஓர் அலுமினியத் தட்டை வைத்து அனுப்பினார். அத்தாவிடம் சொல்லாதே என்றார். நாமும் சொல்லவில்லை. பள்ளியில் வயிறாரத் தின்றுவிட்டு, மாலையில் அத்தா எதிரில் பசித்தவனைப் போல் முகத்தை வைத்துக்கொள்வோம். இது ஆண்டுக் கணக்கில் நடந்தது. அவரை ஏமாற்றிவிட்டோம் என்ற உறுத்தல் வளர்ந்த பிறகும் நம்மை விட்டதில்லை.

அத்தா மௌத்தாகி நாற்பது நாள் கழிந்த பின் ஒருநாள் அம்மா சொன்னார்: "முதல் வாரமே அவருக்குத் தெரியும்டா. உன் பை நனைந்திருந்ததைப் பார்த்துவிட்டு, தட்டைத் துடைச்சு வைக்கச் சொல்லு, நோட்டு கெட்டுப்போகும் என்றார். அவ்வளவுதான் சொன்னார்."

ஆக, அந்த வீட்டில் ஏமாந்தவர் எவருமில்லை. பிள்ளையின் வயிறு நிறையட்டும் என்று அவர் அறியாதவர்போல் இருந்திருக்கிறார். தம் மானத்தையும் நம் பசியையும் ஒரே வீட்டில் குடிவைக்க அவருக்கு அந்த மௌனம் ஒன்றுதான் வழியாக இருந்தது.

இதையெல்லாம் எண்ணும்போது நமக்கு ஒன்று புலப்பட்டது. ரமலானில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறோம். அதற்கு அரசு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அரிசி தந்து வந்திருக்கிறது. செல்வர் வீட்டுத் தூக்கும் ஏழை வீட்டுத் தூக்கும் ஒரே வரிசையில் நிற்கின்றன; எவரும் அதை ஓசி என்பதில்லை. திருவரங்கம் கோயிலில் 2012இல் தொடங்கிய நாள் முழுவதுமான அன்னதானத்தைப் பற்றி மருமகளும் இதையே சொன்னாள். பந்தியில் அமர்பவரிடம் அங்கே வருமானம் கேட்பதில்லை. எல்லோருக்கும் பொதுவாக வைக்கும் உணவில் இழிவு ஒட்டுவதில்லை. நீ எவ்வளவு ஏழை என்று எழுதிக் காட்டு என்னும்போதுதான் பொய்யும் பிணக்கும் வீட்டுக்குள் நுழைகின்றன.

இதற்கு மறுப்பும் உண்டு. பொதுப் பணம் அளவுடையது. இல்லாதவருக்கு முதலில் சேர வேண்டும் என்பதும் நீதியே. நம் ஜகாத்துக்கும் கொடுப்பவருக்கு நிஸாப் என்னும் அளவு உண்டு. பெறுவோர் எட்டு வகையினர் என்ற வரையறை உண்டு. ஆனால் அந்த ஜகாத்தை ஏழையின் உரிமை என்று மேடைதோறும் சொல்லும் நாம், நம் வரிப்பணத்தில் வரும் பிள்ளையின் உணவை மட்டும் பிச்சை என்பது என்ன நியாயம்? 1982இல் அரசின் கருவூலம் இதைத் தாங்குமா என்று கேட்டவர்கள் பலர். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றமே, நாடெங்கும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தரப்பட வேண்டும் என்று ஆணையிட்டது.

உதவி எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஊரார் பிள்ளைகளுக்குச் சமைக்கும் சத்துணவு ஊழியர்களே காலமுறை ஊதியம் கேட்டுப் பலமுறை தெருவில் நின்றிருக்கிறார்கள். ஒருவர் கூலி ஒரு குடும்பத்துக்குப் போதுமானால், வேலைக்குப் போவதா வீட்டில் இருப்பதா என்பதை மருமகள் தன் விருப்பப்படி முடிவு செய்திருப்பாள். அந்த நாள் வரும்வரை, பிள்ளையின் தட்டை வைத்துப் பெரியவர்கள் மானத்தை அளக்க வேண்டாம்.

நாம் சொன்ன தீர்ப்பு இவ்வளவுதான்: "பிள்ளை பள்ளியில் சாப்பிடட்டும். கூட்டிப் போவது என் பொறுப்பு." இல்லத்தரசி முகம் கொடுக்கவில்லை. ஆனால் முதல் நாள் காலையில் பேத்தியின் பையைச் சரிபார்த்தபோது, மடித்த கைத்துண்டு ஒன்று அதில் இருந்தது. யார் வைத்தது என்று நாம் கேட்கவில்லை.