கேட்டிலிருந்து எத்தனை நிமிடம்

என் முதல் அடையாள அட்டையில் அச்சாகியிருந்த முகவரியில் நான் மொத்தம் பதினொரு மாதங்கள்தான் குடியிருந்தேன். பன்னிரண்டு வயதில் அட்டை எடுக்கப் போன நாளில் எங்களுக்கு அந்த முகவரி இருந்தது, அவ்வளவுதான். எண்ணின் நடுவில் வரும் இரண்டு இலக்கங்கள் பிறந்த மாநிலத்தைச் சொல்பவை. எனக்கு 08, பேராக். தம்பிக்கு 13, சரவாக். தங்கைக்கு 04, மலாக்கா. பாரம் எழுதும்போது பள்ளிக் கிராணிகள் மூன்று பிறப்புப் பத்திரங்களையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். "அப்பா ஆர்மி" என்றதும் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவார்கள். அடுத்த கட்டம்தான் சிக்கல். நிரந்தர முகவரி.

அப்பா செம்போயான் படையில் இருந்தார். தகவல் தொடர்புப் பிரிவு. தமிழர்களிடம் இதைச் சொன்னால் பாதிப் பேர் "போலீஸா?" என்பார்கள். ராணுவத்தில் நம்மவர்கள் இருக்கிறார்கள் என்பதே பலருக்குச் செய்தி. 1933இல் போர்ட்டிக்சனில் 25 பேரோடு தொடங்கிய அஸ்கார் மெலாயு இன்றுவரை மலாய்க்காரர்களுக்கான படை. மற்றவர்களுக்கு ரேஞ்சர், செம்போயான், பொறியியல், மருத்துவம், போக்குவரத்து என்று வேறு பிரிவுகள் உண்டு. அப்பா 1990இல் சேர்ந்தார். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகன். ஏன் சேர்ந்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "சம்பளம், சாப்பாடு, வீடு" என்றார். மூன்றாவதைச் சொல்லும்போது அம்மா சமையலறையிலிருந்து சிரித்த சத்தம் கேட்டது.

மாற்றல் உத்தரவு வந்தால் நடப்பது இதுதான். புதிய முகாமில் குடும்ப வீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வீடு பதவிக்கு ஏற்றபடி. சாதாரண சிப்பாய்களுக்கும் கோப்ரல்களுக்கும் அடுக்குமாடி, சார்ஜன்களுக்குக் கொஞ்சம் பெரியது, அதிகாரிகளுக்கு மரம் நிழல் கொடுக்கும் தனி வீடு. காலியாக இருந்தால் சாவி, இல்லையென்றால் வரிசை. வரிசையில் இருக்கும்வரை அப்பா தனியாட்கள் தங்கும் பெரெக்கில் ஒரு கட்டிலும் ஒரு இரும்பு அலமாரியுமாக இருப்பார். நாங்கள் பாட்டி வீட்டில். அது நீண்டால் வெளியே வாடகைக்குப் பார்க்க வேண்டும். சம்பளத்தோடு வீட்டுப்படி வரும். உள்ளே குவாட்டர்ஸ் கிடைத்தால் அந்தப் படி நின்றுவிடும். ஆகவே உள்ளே போனாலும் வெளியே இருந்தாலும் கையில் மிஞ்சுவது ஏறக்குறைய ஒன்றுதான் என்று அம்மா கணக்குப் போட்டு வைத்திருந்தார். முன்பணம் மட்டும் வெளியேதான். இரண்டு மாத டெபாசிட், ஒரு மாத வாடகை, தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் அரை மாதம். மூன்றரை மாத வாடகையை ஒரே நாளில் எண்ணி வைக்கும் சிப்பாய் எங்கே இருக்கிறார்? பாட்டியின் காதுத்தோடு இரண்டு முறை அடகுக்கடைக்குப் போய் வந்தது.

வீடு பார்க்கும்போது அப்பாவுக்கு ஒரே கேள்விதான். முகாம் கேட்டிலிருந்து எத்தனை நிமிடம்? திடீரென்று கூப்பிட்டால் ஓட வேண்டும். அம்மாவின் கேள்வி வேறு. தமிழ்ப்பள்ளி எவ்வளவு தூரம்? முகாம்கள் தமிழ்ப்பள்ளிகளை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை அல்ல. தமிழ்ப்பள்ளிகள் தோட்டங்களை ஒட்டி வளர்ந்தவை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வீடு கிடைப்பது அதிர்ஷ்டம். தீபகற்பத்தில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. சபா, சரவாக்கில் ஒன்றுகூட இல்லை. கூச்சிங்கில் இருந்தபோதுதான் நான் ஒன்றாம் ஆண்டு போனேன், மலாய்ப் பள்ளிக்கு. அங்கே குவாட்டர்ஸ் உடனே கிடைத்தது. வீட்டுக்குப் பின்னால் காடு, மாலையில் மழை. அம்மாவுக்கு அந்த வீடு பிடிக்கவே இல்லை. சாப்பாட்டு மேசையில் பழைய நாட்காட்டித் தாள்களைத் திருப்பிப் போட்டு எனக்கு அ, ஆ எழுத வைத்தார். இன்று நான் தமிழில் எழுதுகிறேன் என்றால் அது அந்தத் தாள்களின் பின்பக்கத்திலிருந்து வந்தது.

2002இல் மலாக்கா. தெரெண்டாக் முகாம். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் சொல்லலாம், எனக்கு நினைவில் நிற்கும் முதல் வீடு அதுதான். சுங்கை ஊடாங்கைத் தாண்டி கடலோரமாக இருக்கும் பெரிய முகாம். 1950களின் இறுதியில் காமன்வெல்த் படைக்காக, அதாவது பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களுக்காகக் கட்டத் தொடங்கியது. குடும்பங்களோடு வருவார்கள் என்று திட்டமிட்டே பள்ளி, மருத்துவமனை, தேவாலயம், கடற்கரை எல்லாம் வைத்துக் கட்டினார்கள். உள்ளேயே ஓர் இடுகாடும் உண்டு. வியட்னாம் போரில் இறந்த ஆஸ்திரேலியர்கள் சிலரை அங்கே புதைத்திருந்தார்கள். முகாமுக்குள் இருப்பதால் உறவினர்கள் வந்து பார்க்க அனுமதி வாங்க வேண்டும். 2016 ஜூனில் அவர்களைத் தோண்டியெடுத்து விமானத்தில் ஊருக்குக் கொண்டுபோன செய்தியைப் படித்தபோது, பள்ளி பஸ் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் தங்கை கண்ணை மூடிக்கொண்டது ஞாபகம் வந்தது.

அம்மாவின் மாமா ஒருவர் பினாங்கில் தஞ்சோங் பூங்கா பக்கம் ஓர் ஆஸ்திரேலியக் குடும்பத்துக்குத் தோட்டக்காரராக இருந்தவர். பட்டர்வொர்த் விமானத்தளம் 1988 வரை ஆஸ்திரேலியர்கள் பொறுப்பில் இருந்தது. அவர்களின் குடும்பங்கள் பல தீவில் வாடகை வீடுகளில் இருந்தன, பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகூட இருந்தது. மாமா சொல்வார்: "தொரைங்க வர்றதுக்கு முன்னாடியே வீடு ரெடியா இருக்கும். கட்டில், மெத்தை, கரண்டி எத்தனைன்னு லிஸ்ட்டு போட்டு ஒட்டிருப்பான். அந்தம்மா வந்து எறங்கி தேத்தண்ணி போட்டுக் குடிக்கறதுதான் பாக்கி." இதைக் கேட்கும்போதெல்லாம் அப்பா ஒன்றும் பேசமாட்டார். எனக்கு அதில் பொறாமைப்பட எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. குடும்பத்தை மாற்றச் சொல்பவர்கள் குடும்பம் எங்கே தூங்கும் என்பதையும் யோசித்திருக்கிறார்கள். அவ்வளவுதானே.

2006இல் வடக்கே ஒரு நகரம். பெயர் வேண்டாம், அங்கே இன்னும் எங்களுக்கு நல்ல நண்பர்கள் இருக்கிறார்கள். குவாட்டர்ஸ் வரிசை நீளம் என்று வந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. அப்பா வேலை முடிந்ததும் மோட்டாரில் தாமான் தாமானாகச் சுற்றி, கேட்டில் 'உந்தோக் டிசேவா' என்று தொங்கும் அட்டைகளிலிருந்து எண்களைச் சட்டைப்பை நோட்டில் எழுதிக்கொண்டு வருவார். இரவு கூப்பிடுவார். அப்பாவின் மலாய் பதினாறு வருட பெரெக் மலாய். கேட்பவருக்கு ஆள் யாரென்று குரலில் தெரியாது. பேச்சு நன்றாகப் போகும். எத்தனை பேர், எங்கே வேலை, கேம்ப்பா, நல்லது நல்லது. பிறகு பெயர் கேட்பார்கள். அப்பா பெயர் சொல்வார். அந்தப் பக்கம் ஒரு சிறிய அமைதி. பிறகு, வீட்டைத் தம்பி கேட்டிருக்கிறான், மறந்துவிட்டேன். நேற்றே ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டார். வீட்டு வேலை இன்னும் முடியவில்லை. ஓர் ஏஜண்ட் மட்டும் மறைக்காமல் சொன்னார், ஓனர் இந்தியர் வேண்டாம் என்கிறார், நான் என்ன செய்ய? அவரிடம் அப்பா நன்றி சொல்லித்தான் போனை வைத்தார். நேரம் மிச்சமாயிற்று என்றார்.

ஒரு தமிழரும் அப்படிச் சொன்னார். "நம்மாளுங்களுக்குக் குடுக்கறதில்லன்னு முடிவு பண்ணிருக்கேன் தம்பி, தப்பா நெனச்சிக்காதீங்க." அம்மாவுக்கு வந்த கோபத்தில் அன்று இரவு சாம்பாரில் உப்பே இல்லை.

வீட்டுக்காரர்கள் சொல்லும் காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. வாடகை பாக்கி, குடி, மசாலா வாடை. ஒருவருக்குக் கசப்பான அனுபவம் இருந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அந்த அனுபவம் யாரோ ஒருவரோடு நடந்தது. எதிரில் நிற்பவருக்கு மாதம் தவறாமல் அரசாங்கச் சம்பளம். பாக்கி வைத்தார் என்று முகாமுக்கு ஒரு கடிதம் போனால் கமாண்டிங் ஆபீசர் முன்னால் விறைப்பாக நின்று பதில் சொல்ல வேண்டிய மனிதர். அவரைவிடப் பாதுகாப்பான குடித்தனக்காரர் கிடைப்பாரா? அரசியலமைப்புச் சட்டத்தின் 8ஆவது பிரிவு இனப் பாகுபாடு கூடாது என்கிறது. அது அரசைக் கட்டுப்படுத்தும், தனியார் வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்தாது. இதை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அப்பாவுக்கு அப்போதே தெரிந்திருந்தது, படிக்காமலே.

பத்தாவது பன்னிரண்டாவது போனுக்குப் பிறகு அம்மா சொன்னார்: "இனி போன் பண்ணாதீங்க. யூனிஃபார்மோட நேரா போயி நில்லுங்க. பாத்தா மரியாதையா பேசுவாங்க."

அப்பா பூட்ஸுக்குக் கிவி தடவிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. "மரியாதை யூனிஃபார்முக்குத்தான் குடுப்பான். ராத்திரி அத கழட்டிட்டு நான் எங்க படுக்கறது?"

அம்மா பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவே இல்லை. சீருடையில் அப்பா கடைக்குப் போய்கூட நான் பார்த்ததில்லை. உடை மாற்றிக்கொண்டுதான் போவார்.

கடைசியில் வீடு கொடுத்தவர் எழுபது வயதுச் சீனப் பாட்டி. அவருடைய அப்பா தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவர், கணக்கு நோட்டில் பாதித் தோட்டத்துக்குக் கடன் கொடுத்தவர். பாட்டி தமிழ் பேசினார், எங்கள் அம்மாவைவிடப் பழைய தமிழ். "எத்தினி புள்ள? மூணா? சத்தம் போடட்டும், எனக்குக் காது கேக்காது." இரண்டு நிபந்தனைகள். தாளிப்பதெல்லாம் பின்னால் இருக்கும் வெளியடுப்பில். முன்வாசலில் இருக்கும் சிவப்பு டத்தோ கோங் மாடத்தை நகர்த்தக் கூடாது, வியாழன் மாலை ஓர் ஊதுபத்தி வைக்க வேண்டும், பன்றி இறைச்சி அதன் பக்கமே கொண்டு போகக் கூடாது. அம்மா வியாழனுக்குப் பதில் வெள்ளியும் சேர்த்து வைத்தார். டத்தோவுக்கு மல்லிகைப்பூவும் கிடைத்தது. வாடகை 350 வெள்ளி, டெபாசிட் ஒரு மாதம் போதும் என்றார். முகாமுக்கு இருபத்தைந்து நிமிடம். அப்பா முகம் சுளித்தார். தமிழ்ப்பள்ளிக்கு நடந்தே போகலாம். அம்மா அன்றே பாலைக் காய்ச்சினார்.

அங்கேதான் அந்தப் பதினொரு மாதங்கள். பிறகு குவாட்டர்ஸ் கிடைத்தது. நண்பர்கள் வந்து மூன்று டன் லோரியில் சாமான் ஏற்றினார்கள். பாட்டி கேட்டருகில் நின்று, குவாட்டர்ஸ்ல கரண்ட் சும்மாவா என்று அம்மாவிடம் விசாரித்தார்.

குவாட்டர்ஸ் வாழ்க்கையில் குறைசொல்ல அதிகமில்லை. பக்கத்து வீட்டு மலாய் அக்கா எங்களுக்கு நோன்புக் கஞ்சி கொடுப்பார், எங்கள் முறுக்கு அவர்களுக்குப் போகும். பாக்காட் பெண்கள் கேக் செய்யச் சொல்லிக் கொடுப்பார்கள். ஆனால் தீபாவளிக்கு வரும் உறவினர்கள் கேட்டில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வரமுடியும். "ஜெயில்ல மனுப்போட்டுப் பாக்கற மாதிரி இருக்கு" என்று சித்தப்பா ஒவ்வொரு வருடமும் அதே ஜோக்கைச் சொல்வார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. வீட்டை ஒப்படைக்கும்போது ஒருவர் பட்டியலோடு வந்து விசிறி, விளக்கு, பூட்டு, ஜன்னல் கண்ணாடி எல்லாம் எண்ணுவார். குறைந்தால் பணம் கட்ட வேண்டும்.

பாட்டிக்கு இதில் ஆச்சரியமே இல்லை. "லயத்து வீடும் அப்படித்தான். வேல இருக்கற வரைக்கும் வீடு." தாத்தா வேலையிலிருந்து நின்றபோது லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். முப்பது வருடம் வெள்ளையடித்த சுவர். அப்பா அந்த நாளில் கூட நின்று சாமான் கட்டியவர். ராணுவத்தில் பென்ஷனோடு வெளிவர 21 வருடம் போதும். நாற்பது சொச்சம் வயதில், பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் படிக்கும்போது, குவாட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த வயதில் வீடில்லாமல் நின்ற முன்னாள் வீரர்களை அப்பாவுக்குத் தெரியும். சம்பளத்தில் பத்து விழுக்காடு தாபோங் அங்காத்தான் தெந்தெராவுக்குக் கட்டாயமாகப் போகிறது, 1972இலிருந்து இருக்கும் ஏற்பாடு. பிடிக்கும்போது எல்லோரும் முணுமுணுப்பார்கள். அப்பா அதையும் அரசாங்க வீட்டுக் கடனையும் சேர்த்து 2009இல் சுங்கை சிப்புட்டில் ஒரு மாடியில்லா வரிசை வீடு வாங்கினார். 2011இல் ஓய்வு பெற்றதும் அங்கே போனோம். விளக்கு எத்தனை, விசிறி எத்தனை என்று அப்பா ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டினார். ஏன் என்று கேட்டதற்குப் பழக்கம் என்றார்.

நான் இப்போது கோலாலம்பூரில் அறை தேடுகிறேன். விளம்பரங்களில் இனத்தைச் சுருக்கெழுத்தில் போடுகிறார்கள். வாடகைக் குடியிருப்புக்கென்று ஒரு சட்டம் வரும் என்ற பேச்சு சில ஆண்டுகளாக இருக்கிறது. இதை அப்பாவிடம் சொன்னபோது, "வரட்டும்" என்றார்.

அத்தை மகன் கடற்படையில் இருக்கிறான். லுமூட்டிலிருந்து சபாவின் செப்பாங்கார் தளத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது. போன வாரம் அவன் மனைவி அம்மாவைக் கூப்பிட்டாள். கைக்குழந்தையும் நான்கு வயதுப் பையனும், குவாட்டர்ஸ் எப்போது கிடைக்கும் என்று தெரியாது, என்ன செய்வது அத்தை என்று கேட்டாள். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்.

"வீட்ட பகல்ல பாக்காத. சாயங்காலம் ஆறு மணிக்குப் போ, எல்லாரும் குளிக்கற நேரம், கொழாயத் தொறந்து பாரு. பேர முதல்லயே சொல்லிடு, கடைசில சொல்லாத, பெட்ரோல் மிச்சம். அங்க தமிழ்ப்பள்ளி கெடையாது, தேடாத. இங்கயே ஒண்ணாம் வருச புஸ்தகம் ரெண்டு செட்டு வாங்கி வச்சுக்க, ஒண்ண கிழிச்சுருவான். அப்பறம், பழைய காலண்டர தூக்கிப் போட்றாத."