ஏலத்துக்குப் போன பையன்

எங்க கீழப்பழுவூர் பக்கம் பொங்கல் வந்தா கபடி உண்டு. அறுப்பு முடிஞ்ச கொல்லையில மண்ணைக் கொத்தி, கல்லு பொறுக்கி, தண்ணி தெளிச்சு ஆட்டக்களம் ஆக்கிடுவானுங்க. சுத்தி டியூப்லைட், ஒரு மைக் செட். ராத்திரி ஆரம்பிச்சா விடிய விடிய நடக்கும். என் அண்ணன் மகன் அங்கதான் ஆடிப் பழகினான். பக்கத்து டவுன்ல ஒரு கல்லூரியில பி.ஏ. படிக்கிறான். காலையில கல்லூரி, சாயங்காலம் மண்ணுல புரளணும், அதுதான் அவன் நாள்.

போன வருஷம் ஒரு நாள் மோட்டார் கொட்டாய்க்கு வந்து நின்னான்.

"சித்தப்பா, சென்னையில செலக்‌ஷன் வச்சிருக்காங்க. புரோ கபடிக்கு ஆள் எடுக்கிறாங்களாம். அப்பாகிட்ட கேட்டா அடிப்பாரு. ஷூ வாங்கணும்."

அண்ணனுக்கு இவன் டிராக்டர் ஓட்டணும், இல்லைன்னா திருப்பூருக்குப் போகணும். கபடின்னாலே அண்ணனுக்குக் காலு உடையுற ஞாபகம்தான் வரும். நான் யோசிச்சேன். அப்பறம் உரம் வாங்க வச்சிருந்த காசுல கொடுத்தேன்.

டவுன்ல இருக்கிறவங்களுக்கு டிவியில பாட்டும் வெளிச்சமுமாத் தெரியுற ஆட்டம், இங்க பையன்களுக்கு ஒரு தொகையாத் தெரியுது. 2014ல முதல் ஏலம் நடந்தப்போ அதிக விலைக்குப் போன ராகேஷ் குமாருக்கு 12.80 லட்சம். 2018ல மோனு கோயத் 1.51 கோடி. 2022ல பவன் செராவத்தை நம்ம தமிழ் தலைவாஸ் எடுத்தது 2.26 கோடிக்கு. எட்டு வருஷத்துல இவ்வளவு ஏத்தம் பருத்திக்கு வந்திருந்தா நான் மாடி வீடு கட்டியிருப்பேன்.

ஆனா கோடி வாங்குறவங்க விரல் விட்டு எண்ணுற ஆளுங்கதான். அந்த 2022 ஏலத்துல 500 பேருக்கு மேல பட்டியல்ல இருந்தாங்க, அணிங்க மொத்தம் 12. கடைசிப் பிரிவுக்கு ஆரம்ப விலை 6 லட்சம். அதுல எனக்குப் பிடிச்ச சேதி ஒண்ணு உண்டு. பெங்களூர்ல நடந்த கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டியில இறுதி ஆட்டம் ஆடுன ரெண்டு அணியிலேருந்தும் 24 பசங்களை அந்தப் பட்டியல்ல சேர்த்தாங்க. கல்லூரி மைதானத்துலேருந்து நேரா ஏலத்துக்கு ஒரு வழி.

அமெரிக்காவுல இதை வேற மாதிரி செய்யறாங்க. அவங்க ஃபுட்பால்னு சொல்றது பந்தைக் கையில தூக்கிட்டு ஓடுற ஆட்டம். அங்க கல்லூரிதான் நாத்தங்கால். ஏலம் கிடையாது. முந்தின வருஷம் மோசமாத் தோத்த அணி முதல்ல ஒருத்தனைக் கூப்பிடும், அப்படியே வரிசையா ஏழு சுத்து போகும். சின்னக் கல்லூரிப் பசங்க பெரும்பாலும் கடைசிச் சுத்துல வருவாங்க, இல்லைன்னா வரவே மாட்டாங்க. ஆனா 1985ல மிசிசிப்பி வேலி ஸ்டேட்ங்கிற சின்னக் கல்லூரியிலேருந்து ஜெரி ரைஸ்னு ஒருத்தரை முதல் சுத்துலயே, 16வது ஆளா எடுத்தாங்க. கொத்தனார் மகன். அந்த ஆட்டத்துலயே பெரிய ஆளா ஆயிட்டாரு.

அவ்வளவு தூரம் ஏன்? கொள்ளிடத்துக்கு அந்தாண்ட தஞ்சாவூர் மாவட்டம். அந்த மாவட்டத்துக்காரர் தர்மராஜ் சேரலாதன், 2016ல பாட்னா அணிக்குக் கேப்டனா நின்னு கோப்பை வாங்குனாரு. அப்போ அவருக்கு வயசு நாப்பதைத் தாண்டியிருந்தது. அதே வருஷம் அகமதாபாத்துல உலகக் கோப்பை ஜெயிச்ச இந்திய அணியிலயும் இருந்தாரு. எங்க பையன் இவரைச் சொல்லித்தான் என்கிட்ட ஷூ வாங்குனான்.

அரியலூர்ல ராத்திரி ரயில் ஏறி, முன்பதிவு இல்லாத பெட்டியில நின்னுக்கிட்டே போனான். மறுநாள் சாயங்காலம் போன் பண்ணான். "முடிஞ்சுது சித்தப்பா"ன்னு மட்டும் சொன்னான். குரல்லயே தெரிஞ்சுபோச்சு.

வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாச் சொன்னான். அங்க மேட்டு விரிப்பு. நம்ம மண்ணுல கட்டை விரலை ஊன்றித் திரும்புவான். அங்க ஷூ பிடிச்சுக்கிட்டு நிக்குது, உடம்பு மட்டும் திரும்புது. முட்டி சுளுக்கிடுச்சு. இங்க மூச்சை இழுத்துக்கிட்டுப் பாடப் போனா, சமயம் பார்த்துத் தொடலாம்னு மெதுவா நிப்பான். அங்க ஒரு ரைடுக்கு 30 விநாடி, கடிகாரம் ஓடுது. "ஆட்டம் தெரியாம இல்ல சித்தப்பா. இந்த விரிப்புல இதுக்கு முன்ன நான் நின்னதே இல்ல"ன்னான். எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது.

விற்பனைக்கூடத்துல பருத்தியை மறைமுக ஏலத்துக்கு வச்சிட்டு உக்காந்திருப்போமே, அந்த நேரம் ஞாபகம் வந்துச்சு. வியாபாரி ஒரு கை அள்ளிப் பார்த்துட்டுச் சீட்டுல விலை எழுதிப் போட்டுட்டுப் போயிடுவாரு. மழை இல்லாத மாசத்துல குடத்துல தண்ணி ஊத்துனது அந்தச் சீட்டுல வராது. அவரைக் குத்தம் சொல்லவும் முடியாது. ஆனா பருத்தி விலை போகலைன்னா மூட்டையைத் திருப்பிக் கொண்டாந்துடலாம். இருபது வயசுப் பையன் திரும்பி வந்தா அவனை எங்க அடுக்கி வைக்கிறது?

ஒரு வாரம் கழிச்சு, "கல்லூரியை விட்டுட்டு சென்னையில ஒரு கிளப்புல தங்கி ஆடட்டுமா"ன்னு கேட்டான். அண்ணி அழுதாங்க. அண்ணன் என்கூடப் பேசவே இல்ல. நான் ஒண்ணுதான் சொன்னேன். "ஆடு. ஆனா பட்டத்தை வாங்கிட்டு ஆடு. நம்ம மாநிலத்துல அரசு வேலையில விளையாட்டுக்காரங்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு. ரயில்வே, போலீஸ்லயும் கபடி ஆடுறவங்களை எடுக்கிறாங்க. ஏலம் உன்னை ஒரு நாள்தான் பார்க்கும். வேலை முப்பது வருஷம் சோறு போடும்."

சொல்லிட்டேனே தவிர, ராத்திரி தூக்கம் வரலை. சேரலாதன்கிட்ட இருபது வயசுல யாராவது இப்படிச் சொல்லி நிறுத்தியிருந்தா?

இப்போ கடைசி வருஷம் படிக்கிறான். முதலமைச்சர் கோப்பை மாவட்டப் போட்டியில கல்லூரிப் பிரிவுல ஆடுனான். முட்டிக்குத் துணி சுத்திக்கிட்டுத்தான் ஆடுனான். அண்ணன் வரமாட்டேன்னு சொன்னவரு, சைக்கிள் ஸ்டாண்டு ஓரமா நின்னு பார்த்துட்டு, முடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டாரு. வீட்டுல வந்து, "அந்த எடது மூலையில நிக்கிறவன் கால் பிடிக்கத் தெரியாதவன்"ன்னு மட்டும் சொன்னாரு.

அடுத்த செலக்‌ஷன் எப்போன்னு பையன் இன்னும் போன்ல தேடிக்கிட்டுத்தான் இருக்கான். ஷூ அப்படியே இருக்கு. இந்தத் தடவை செலவுக்கு அண்ணன்கிட்டயே கேக்கச் சொல்லியிருக்கேன்.