கைக்குத் தெரிந்த விதி

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது நம் பாட்டிமார் வாயில் அடிக்கடி வரும் முதுமொழி. அதன் பொருளை நான் உணர்ந்தது பேராதனையிலே, பொறியியற் பீடத்தின் மின்னியல் ஆய்வுகூடத்திலே. ஆயினும் அந்தப் பாடத்தை எனக்கு முதலிற் சொல்லித்தந்தவர் விரிவுரையாளர் எவருமல்லர், என் தங்கை.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று. கம்பங்கள் நின்றன, கம்பிகளிற் காகங்கள் இருந்தன, விளக்குகள் மட்டும் எரியவில்லை. மண்ணெண்ணெய் பொன்னுக்குச் சமமாயிற்று. பற்றரியோ தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்று. ஜாம் போத்தல் விளக்கின் சிறு சுடரிலே ஒரு தலைமுறை படித்து முடித்தது. செய்தி கேட்க விரும்பியவர்கள் துவிச்சக்கரவண்டியைத் தாங்கியில் நிறுத்தி, பின்சில்லு நிலத்திற் படாமற் பெடலைக் கையாற் சுற்றி, தைனமோவிற் பிறந்த மின்னை வானொலிக்கு ஊட்டினார்கள்.

எங்கள் வீட்டு விறாந்தையிலும் அவ்வாறே நடந்தது. தைனமோ தருவது திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடும் நேரோட்டம். ஆகையால் ஊரில் வானொலி திருத்துபவர் ஒருவர் இருவாயிகளையும் கொள்ளளவி ஒன்றையும் இணைத்துச் சிறியதொரு சீராக்கி செய்து தந்திருந்தார். இரவில் அப்பாவும் அயலவர் நால்வரும் தமிழோசை கேட்பதற்காகத் தங்கை சுற்றுவாள். அது 1993ஆம் ஆண்டு. அவளுக்கு வயது பதின்மூன்று, எனக்குப் பதினைந்து. சாதாரணதரப் பரீட்சைக்கு நான் ஆயத்தமாகிக்கொண்டிருந்த காலம்.

செய்தி முடிந்ததும் வானொலியின் வயரைக் கழற்றிவிட்டு, வண்டியின் முன்விளக்குப் பல்பை நான் கொழுவிக்கொள்வேன். அதன் ஒளியில் நான் அரைமணி நேரம் படிப்பதற்காகத் தங்கை தொடர்ந்து சுற்றுவாள். ஒருநாள் அவள் கையை உதறிக்கொண்டு, "அண்ணை, ரேடியோவுக்குச் சுத்தேக்கை லேசாக் கிடக்கு, உங்கடை பல்பைக் கொழுவினாப் பெடல் பாரமாக் கிடக்கு" என்றாள்.

"விசர்க்கதை கதையாதை. தைனமோ ரயரிலை உரஞ்சிறது ரெண்டுக்கும் ஒண்டுதானே? கரண்டுக்கு என்ன நிறை கிடக்கு?" என்றேன்.

"அப்ப நீங்கள் சுத்துங்கோ. நான் வயரைக் கழட்டிக் கழட்டிக் கொழுவுறன். பாரமோ லேசோ எண்டு பாருங்கோ."

நியாயமான கோரிக்கை. ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். நான் செய்யவில்லை. "உன்ரை மண்டைக்கு விஞ்ஞானம் ஏறாது" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை விரித்தேன். அவள் ஒன்றும் பேசாமல் அரைமணி நேரம் முடியும்வரை சுற்றினாள்.

1999இல் கப்பலேறித் திருகோணமலை வழியாகப் பேராதனை சென்று பொறியியற் பீடத்திற் சேர்ந்தேன். 1950இல் கொழும்பிலே தொடங்கி, 1964இல் மகாவலிக் கரைக்கு இடம்மாறிய பீடம் அது. முதலாண்டில் எத்துறையினரும் மின்னியலின் அடிப்படையைக் கற்றாகவேண்டும். உயர்தரத்திலே தமிழிற் பயின்ற தடையும் மின்னோட்டமும் கொள்ளளவியும் அங்கே ஆங்கிலப் பெயருடன் வந்து நின்றன. நன்கு தெரிந்த அயலவரை அந்நிய ஊரிற் புதிய உடையிற் கண்டதுபோலத் திகைத்தேன். கற்பனை எண்ணைக் கணிதத்தார் 'ஐ' என்ற எழுத்தாற் குறிப்பர். மின்னியலிலோ அவ்வெழுத்து மின்னோட்டத்துக்குப் போய்விட்டதால் 'ஜே' என்று எழுதவேண்டும். இத்தகைய சிறு தடுமாற்றங்கள் ஒரு தவணைக்குள் தீர்ந்தன. கேர்ச்சோவின் விதிகளும் தெவெனின் தேற்றமும் கைவந்தன. சுற்றுகளைத் தாளிற் கீறி விடை காண்பதில் வகுப்பில் முன்னணியில் நின்றேன். கொஞ்சம் கருவமும் கொண்டேன்.

பின்னர் ஒருநாட் செய்முறை வகுப்பு. மோட்டார் ஒன்று, அதனோடு அச்சுப் பிணைத்த பிறப்பாக்கி ஒன்று, பிறப்பாக்கிக்குச் சுமையாக வரிசையாய்ச் சில விளக்குகள். முதலாவது விளக்கை ஏற்றினோம்; இயந்திரத்தின் ஒலி சற்றே தாழ்ந்தது. இரண்டாவது, மூன்றாவது என ஏற்ற ஏற்ற அதன் முனகல் கனத்தது. சுழற்சி குறைந்தது; மோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டமோ கூடியது. அளவுகளையெல்லாம் அட்டவணையில் ஒழுங்காகக் குறித்தோம்.

விரிவுரையாளர் அருகே வந்து கேட்டார்: "விளக்கை ஏற்றினால் மோட்டார் ஏன் களைக்கிறது?"

எவரும் வாய் திறக்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டு, "உங்களில் ஒருவராவது ஒரு தைனமோவைக் கையாற் சுற்றிப் பார்த்ததில்லையா?" என்றார்.

என் முகம் சுட்டது. என் வீட்டிலே தைனமோ சுற்றியது. ஆனாற் சுற்றியது என் கையன்று.

விளக்கம் எளியது. காந்தம் சுருளினருகே அசையும்போது சுருளில் மின்னியக்கவிசை தோன்றும் என்பதை 1831இல் பரடே கண்டார். அவ்வாறு பிறக்கும் ஓட்டம் தன்னைப் பிறப்பித்த மாற்றத்தையே எதிர்க்கும் என்ற விதியை 1834இல் இலென்சு வகுத்தார். பல்பைக் கொழுவாதபோது சுற்றுப் பூர்த்தியாகாது, ஓட்டமில்லை, ஆகவே எதிர்ப்புமில்லை. அப்போது கை உணர்வது உராய்வு முதலிய சிறு இழப்புகளை மட்டுமே. பல்பைக் கொழுவியதும் ஓட்டம் பாய்கிறது. சுருள் தானே ஒரு காந்தமாகிச் சுழலும் காந்தத்தைப் பிடித்திழுக்கிறது. சில்லுப் பாரமாகிறது. 6 வோல்ற்றில் 3 உவாற்று எடுக்கும் அந்தப் பல்பு அரை அம்பியர் ஓட்டத்தைக் கேட்கும். வானொலி கேட்பது அதில் மிகச் சிறு பங்கே. அந்த வேறுபாட்டைத்தான் என் தங்கையின் கை அளந்து சொன்னது.

அவ்வாறு எதிர்ப்பு இல்லாதிருந்தால் ஒருமுறை தள்ளிவிட்ட சில்லு கூலியின்றி என்றென்றும் ஒளி தந்துகொண்டிருக்கும். இயற்கையின் கணக்கிலே அத்தகைய இனாம் கிடையாது. மாலையில் நாடெங்கும் வீடுகளில் விளக்கேற்றும்போது விக்டோரியா நீர்மின் நிலையத்தின் பொறிகளும் இவ்வாறே கனக்கின்றன. செக்கனுக்கு 50 சுற்று என்ற அதிர்வெண் தளராதபடி கூடுதலான நீரைத் திறந்துவிடவேண்டியிருக்கிறது. எரியும் ஒவ்வொரு விளக்குக்கும் பின்னால் எங்கோ ஒரு சில்லுப் பாரமாகிறது. என் விளக்குக்குப் பின்னால் ஒரு சிறுமியின் கை நொந்தது.

இலென்சின் விதியை உயர்தரப் பரீட்சையில் எழுதி நல்ல புள்ளி பெற்றவன் நான். ஆயினும் அதனை எங்கள் விறாந்தையோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை. அவள் சோதித்தாள், நான் வாதித்தேன். விஞ்ஞானம் எவர் மண்டையில் ஏறவில்லை என்பது அன்றுதான் விளங்கியது.

அடுத்த விடுமுறைக்கு வீடு சென்றபோது இதைச் சொல்லிவிடவேண்டுமென்று எண்ணியிருந்தேன். 1995இன் இடப்பெயர்வில் அவளுடைய படிப்புக் குலைந்து, பின்னர் ஒருவாறு தேறி, உயர்தரத்திற் கலைப்பிரிவை எடுத்திருந்தாள். என் சொல்தான் அதற்குக் காரணமோ என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அடுப்படி வாசலில் நின்று, "அண்டைக்கு நீ சொன்னதுதான் சரி, பிழை என்ரை" என்றேன். எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை.

"என்ரை கைக்கு அது அப்பவே தெரியும். ஏன் எண்டுதான் தெரியாது. இப்ப அதைச் சொல்லுங்கோ" என்றாள்.

இருவரும் விறாந்தையில் இருந்து, பழைய தைனமோவைக் கழற்றி உள்ளே இருந்த காந்தத்தையும் சுருளையும் பார்த்தோம். நான் சொல்லி முடித்ததும் அவள் சற்று யோசித்து, "அப்ப, இன்னும் ஒரு பல்பைப் பக்கத்திலை கொழுவினா இன்னும் பாரமாகுமோ?" என்று கேட்டாள். எங்கள் ஆய்வுகூடத்தில் அந்த விளக்கு வரிசை எதற்காக வைக்கப்பட்டிருந்ததோ, அதே கேள்வி அது.

பட்டம் பெற்றபின் நான் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டேன். அந்தத் தைனமோ இன்று நான் கற்பிக்கும் கல்லூரியின் பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் இருக்கிறது. கைபிடி பொருத்தி ஒரு பலகையில் ஏற்றியிருக்கிறேன். இலென்சின் விதியைக் கரும்பலகையில் எழுதுமுன் ஒவ்வொரு மாணவனும் அதைச் சுற்றவேண்டும். பக்கத்திலிருப்பவன் வயரைக் கழற்றிக் கழற்றிக் கொழுவவேண்டும். சுற்றுபவன் முகம் திடீரென மாறும் கணத்தைப் பார்த்தபின்னரே சுண்ணக்கட்டியை எடுப்பேன். வாணி விழாவன்று புத்தகங்களோடு அதனையும் கலைமகள் முன் வைப்பது வழக்கம்.

இவ்வாண்டு பொறியியற் பீடம் புகும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே. தேற்றங்களைப் படியுங்கள், அவை இன்றி ஓரடியும் நகர முடியாது. ஆனால் வீட்டிலோ தெருவிலோ ஒருவர், "இப்படி இருக்கிறதே" என்று சொன்னால், உங்கள் புத்தகத்தில் அது இல்லை என்பதற்காகச் சிரித்துவிடாதீர்கள். வயரைக் கழற்றிக் கொழுவிப் பாருங்கள். ஒரு நிமிடந்தான் செல்லும். அந்த ஒரு நிமிடத்தைக் கொடுக்காத நான், அதற்காக வருந்தும் காலம் இன்னும் முடியவில்லை.