எதிராளி விட்டுச்செல்லும் சொல்

சண்டையிட்டுக்கொண்டே ஒருவரையொருவர் மதிக்க இயலுமா? இயலும் என்று காட்டுகிறது போர்த்துக்கல் நாட்டு எளிய மக்களின் பாட்டு மரபு ஒன்று. பாடகர் இருவர் எதிரெதிரே நிற்பர். ஒருவர் பாட, மற்றவர் எசப்பாட்டால் விடையிறுப்பார். எழுதிவைத்த வரிகள் கிடையா; யாவும் அந்த நேரத்திலேயே பிறப்பவை. வடக்கே மின்யோ வட்டாரத்தில் இதனைத் ‘தெஷ்கர்ராதா’ என்பர். அங்கே கைத்துருத்தி இசைப்பெட்டி துணை நிற்கும். அத்திலாந்திக் கடல் நடுவேயுள்ள அசோரெஸ் தீவுகளில் இது ‘தெசாஃபியோ’, அதாவது அறைகூவல். கித்தார் இனத்தைச் சேர்ந்த ‘வியோலா’ அங்கே ஒலிக்கும்.

பாட்டின் வடிவம் சிறியது. பெரும்பாலும் நான்கே அடிகள். அடிக்கு ஏழு ஒலியசைகள். இரண்டாம் அடியும் நான்காம் அடியும் இயைபால் இணையும். இடையில் இசைக்கருவி முழங்கும் சில நொடிகளே சிந்திக்கக் கிடைக்கும் அவகாசம். அதற்குள் எதிராளி விட்டுச்சென்ற சொல்லையோ கருத்தையோ பற்றிக்கொண்டு விடை சொல்லவேண்டும். போர்த்துக்கீசியரின் மொழியோடு கடல் கடந்து, பிரேசிலின் வடகிழக்கில் ‘ரெப்பென்த்தி’ என வளர்ந்த உறவு மரபில் இது கண்டிப்பான விதியே ஆயிற்று: எதிராளியின் கடைசி அடி எந்த ஓசையில் முடிந்ததோ, அந்த ஓசையிலேயே இவருடைய முதல் அடி முடியவேண்டும். அம்மரபை 2021இல் பிரேசில் அரசு தன் நாட்டின் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றுப் பதிவு செய்தது.

உரோமையில் நான் இறையியல் பயின்ற நாள்களில், அசோரெசின் தெர்சேய்ரா தீவைச் சேர்ந்த உடன்மாணவர் ஒருவர் இப்பாடல்களை ஒலிநாடாவில் போட்டுக்காட்டிப் பொருள் சொல்வார். பாட்டைவிட, இடையே வரும் இசையைக் கவனிக்கச் சொல்வார் அவர். ஒருவர் மற்றவரை உள்வாங்கும் நேரம் அதுவே என்பார். குருமடத்தில் தர்க்கம் பயின்ற எனக்கு அது புதிய பாடமாக இருந்தது. ஆயினும், புனித அக்குவினா தோமாவும் தம் ‘இறையியல் சுருக்கத்தில்’ எதிர்த்தரப்பு வாதத்தை முதலில் எழுதிய பின்னரே தம் விடையைத் தொடங்குகிறார் அன்றோ!

இக்கலை முழுவதும் தூயது என்று நான் சொல்ல வரவில்லை. கொச்சையான கேலியும் அதில் உண்டு. திருவிழிப்பு இரவுகளில் கோயிலுக்குள் உலகியல் பாட்டும் ஆட்டமும் கூடாதென்று போர்த்துக்கல் ஆயர்கள் முற்காலத்தில் தடை விதித்ததும் உண்டு. ஆனாலும் திருத்தல விழாக்களில் பாட்டு ஓயவில்லை.

அசோரெசில் உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின்வரும் வாரங்களில் தூய ஆவியாரின் பெயரால் ஊர்தோறும் விழா நடைபெறும். வெள்ளி முடி பவனியாக வரும். அப்பமும் இறைச்சியும் பகிரப்படும். அவ்விழாக்களில் பாடுவோர், ஆவியாரையும் கூடியிருப்போரையும் வாழ்த்தித் தொடங்குவர். பின்னரே போர். முடிவில் பிரியாவிடைப் பாட்டு உண்டு. சற்று முன்பு எள்ளிநகையாடியவரே எதிராளியைப் பாராட்டி, புண்படுத்தியிருந்தால் பொறுத்தருளக் கேட்பார்.

இருபதாம் நூற்றாண்டில் தெர்சேய்ராவில் ‘ஷர்ரூவா’ என்ற ஆணும் ‘துர்லூ’ என்ற பெண்ணும் இக்கலையில் பெரும்புகழ் பெற்றனர். ஆணுக்கு ஈடாக ஒரு பெண் விடையிறுத்ததை எண்ணும்போது, மாற்கு நற்செய்தியில் வரும் சிரிய பெனிசியப் பெண் என் நினைவுக்கு வருகிறார். நாய்க்குட்டிகளைப் பற்றி ஆண்டவர் கூறிய கடுஞ்சொல்லை அவர் தள்ளிவிடவில்லை. அதையே ஏந்தி, மேசையடியில் விழும் துண்டுகளைச் சுட்டினார். ஆண்டவரோ அந்த விடைக்காகவே அவர் மகளுக்கு நலமளித்தார். பிறர் சொல்லுக்கு இடங்கொடுப்பதைத் தோல்வியாக அவர் கருதவில்லை.

நம் இல்லங்களிலும் பங்குப் பேரவைகளிலும் நடப்பது என்ன? அடுத்தவர் பேசும்போதே நம் விடையை உள்ளுக்குள் கட்டத் தொடங்கிவிடுகிறோம். அவர் இறுதியாகச் சொன்னது என்னவென்று கேட்டால் திகைக்கிறோம். கணவனும் மனைவியும், அண்ணனும் தம்பியும் ஆண்டுக்கணக்கில் பேசாதிருக்கும் வீடுகளுக்கு நான் சென்றிருக்கிறேன். அங்கே வாதத்துக்குக் குறைவில்லை; பிரியாவிடைப் பாட்டுத்தான் இல்லை.

கருத்து வேற்றுமை எழட்டும், தவறில்லை. ஆனால், மறுமொழி கூறுமுன் அடுத்தவரின் கடைசிச் சொல்லை ஒருமுறை நம் வாயால் சொல்லிப் பார்ப்போம். கூட்டம் கலையுமுன், எதிர்த்துப் பேசியவரிடம் சென்று ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வீடு திரும்புவோம்.