அசிட்டா, ஊசியா?

கொஞ்சம் நீளமான பதிவு. மூன்று மாதமாக எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். முகத்தைப் பற்றி ஒரு டீச்சர் பொதுவில் எழுதுவதா என்று வெட்கம். ஆனால் என் வகுப்பில் இருக்கும் ஒரு பிள்ளைக்காக எழுதத்தான் வேண்டும். ஆண்கள் விரும்பினால் கடந்து போகலாம். வீட்டில் பெண் பிள்ளை இருந்தால் நீங்களும் வாசியுங்கள்.

சின்ன மகன் வயிற்றில் இருந்தபோது என் இரண்டு கன்னத்திலும், மேல் உதட்டுக்கு மேலேயும் கபில நிறத்தில் படை படையாக வந்தது. "மங்குதான், புள்ள கெடச்சா போய்டும்" என்றார் உம்மா. மகனுக்கு இப்போது நாலு வயது. அது போகவில்லை. டொக்டர்மார் இதற்கு மெலாஸ்மா என்று பேர் சொல்கிறார்கள். கர்ப்ப கால ஹோர்மோன், குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை, எல்லாவற்றுக்கும் மேலாக வெயில்.

போன வருசம் மாவனல்லையில் ஒரு கலியாண வீடு. சொந்தக்காரப் பெண் ஒருவர் என் நாடியைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "என்ன புள்ள இது, அடுப்புக் கரியா?" என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டார். அடுத்த கிழமையே வெளிநாட்டில் இருந்து வந்த கிறீம் டப்பா ஒன்றை அவரே அனுப்பியும் வைத்தார். டப்பாவில் என்ன சேர்த்திருக்கிறது என்று ஒரு எழுத்தும் இல்லை. இரவில் பூசினேன். மூன்று கிழமையில் முகம் டியூப் லைட் மாதிரி ஆகிவிட்டது. ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் கேட்டார்கள். எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

ஏழு மாதம் பூசினேன். இரண்டாவது டப்பா முடியப் போகும்போது முகம் எரியத் தொடங்கியது. நிறுத்தினேன். நிறுத்திப் பத்து நாளில் மங்கு முன்பை விடக் கறுப்பாகத் திரும்பி வந்தது.

அந்த நேரம் பார்த்து ஊருக்குப் பக்கத்து டவுன் சலூன் ஒன்றில் 'ஸ்கின் ரிஜுவனேஷன்' என்று போஸ்டர். போய்க் கேட்டால் இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று பீலிங்: அசிட் பூசி மேல் தோலை உரிய வைப்பது. மற்றது மைக்ரோ நீட்லிங்: சின்னச் சின்ன ஊசிகளால் முகமெல்லாம் குத்துவது, தோல் தானே புதுசாக வளருமாம். "எது மிஸ் உங்களுக்கு விருப்பம்?" என்று கேட்டார்கள், சாரி கலர் கேட்பது போல.

தர்கா நகர் கொலேஜில் என்னோடு ஒன்றாகப் படித்த தோழி ஒருத்திக்குப் போன் பண்ணினேன். அவள் கொழும்பில் நீட்லிங் செய்தவள். பருக் குழி நிறைந்த முகம் அவளுக்கு. இப்போது பார்த்தால் நம்ப மாட்டீர்கள். "கண்ண மூடிட்டு ஊசியச் செய்" என்றாள். பீலிங்கை விட அது ஏறக்குறைய இரண்டு மடங்கு காசு. சீட்டுக் காசு கைக்கு வரும் மாதம். மனசை ஊசிக்கே முடிவு செய்துவிட்டேன். நோன்பு லீவில் ஸ்கூலும் இல்லை, முகம் சிவந்தாலும் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன்.

அதற்குள்தான் அது நடந்தது. எங்கள் ஸ்கூலுக்கு றப்பர்த் தோட்டத்தில் இருந்து வரும் தரம் 9 பிள்ளை ஒருத்தி இரண்டு நாளாக வரவில்லை. மூன்றாம் நாள் தாயோடு வந்தாள். முகம் முழுக்கச் சிவந்து, மூக்கோரம் தோல் உரிந்திருந்தது. தாய் பால் வெட்டும் பெண். "டீச்சர் பூசுற கிறீம்னு சொல்லி காசு சேத்து வாங்கியிருக்கா டீச்சர்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அந்தப் பிள்ளை ஒரு நாள் இன்டர்வலில் கேட்டது எனக்கு நல்ல ஞாபகம். "எப்படி டீச்சர் வெள்ளையாகினீங்க?" நான் சிரித்துக்கொண்டே கிறீமின் பெயரைச் சொன்னேன்.

அன்று பின்னேரமே அவிசாவளையில் தோல் டொக்டர் ஒருவருக்குச் சனல் நம்பர் எடுத்தேன், எனக்கும் பிள்ளைக்கும். சிங்கள டொக்டர், வயதானவர். டப்பாவைத் திறந்து பார்த்தார், மூடினார், "இதில் பாதரசம் இருக்கலாம்" என்றார். பாதரசம் தோலில் நிறம் உண்டாவதைத் தடுக்கும், அதனால்தான் வெளுக்கும். ஆனால் அது உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைத் தாக்கும். மினமாட்டா உடன்படிக்கை என்று உலக நாடுகள் சேர்ந்து செய்த ஒன்று இருக்கிறது. 2017இல் நடைமுறைக்கு வந்தது, இலங்கையும் அந்த வருசமே சேர்ந்தது. பாதரசம் சேர்த்த அழகு கிறீம்கள் அதன்படி தடை. தடை என்றாலும் பயணப் பெட்டிகளில் வந்துகொண்டுதான் இருக்கிறது. இருவருக்கும் சிறுநீர் டெஸ்ட் எழுதினார். இரண்டு பேருடையதும் நல்லம் என்றே வந்தது, அல்ஹம்துலில்லாஹ். அந்த ரிப்போர்ட் வரும் வரை நான் தூங்கிய தூக்கம் எனக்கும் ரப்புக்கும்தான் தெரியும்.

பிறகு மெதுவாக என் கேள்வியைக் கேட்டேன்: பீலிங்கா, நீட்லிங்கா?

அவர் லைட்டை அணைத்துவிட்டு ஊதா வெளிச்சம் வரும் சின்ன விளக்கு ஒன்றை முகத்தில் பிடித்தார். வூட்ஸ் லேம்ப். அந்த வெளிச்சத்தில் படை இன்னும் எடுப்பாகத் தெரிந்தால் நிறம் மேல் தோலில் இருக்கிறது, தெரியாவிட்டால் ஆழத்தில். என்னுடையது பெரும்பாலும் மேலே. "உங்கள் தோழிக்கு இருந்தது குழி. குழியை நிரப்ப உள்ளே இருந்து தோல் வளர வேண்டும், அதற்கு ஊசி நல்லம். உங்களுக்கு இருப்பது கறை. கறைக்கு ஏன் குழி தோண்டுகிறீர்கள்?" என்றார். மெலாஸ்மாவுக்கும் ஊசி குத்தி அதன் வழியே மருந்து செலுத்தும் முறை இருக்கிறதாம். ஆனால் அது முதலில் கை வைக்கும் வழி இல்லை. எரிந்துகொண்டிருக்கும் முகத்தில் நிச்சயமாக இல்லை. ஊசித் துளை வழியாக எதைப் பூசினாலும் உள்ளே இறங்கும், முகத்துக்குப் பூசும் சாதாரண சீரம் கூட உள்ளே போய்க் கட்டி கட்டியாக எழும்பலாம் என்றார். ஒன்லைனில் விற்கும் ஊசி உருளையை வாங்கி அக்கா தங்கச்சி மாறி மாறி உருட்டுகிறார்களே, இரத்தத்தால் தொற்றும் நோய்க்கு அதை விட நல்ல பாதை வேண்டுமா?

சரி, அப்போ பீலிங்? அதற்கும் உடனே ஓம் சொல்லவில்லை. தோலை வெயிலுக்கு எப்படி எரியும், எப்படிக் கறுக்கும் என்று ஆறு வகையாகப் பிரிக்கும் அளவு ஒன்று உண்டு. ஃபிட்ஸ்பட்ரிக் என்ற அமெரிக்க டொக்டர் 1975இல் செய்தது. முதலில் வெள்ளைத் தோலுக்கு மட்டும்தான் செய்தாராம், எங்களைப் போன்றவர்கள் பிறகுதான் அதில் சேர்ந்தோம். (இந்தியாவில் ஃபெயார் அண்ட் லவ்லி வந்ததும் அதே 1975 என்று பிறகு வாசித்தேன். 2020இல் பேரை மாற்றினார்கள், பேரை மட்டும்.) நான் அந்த அளவில் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில். எங்கள் தோலுக்கு ஒரு குணம்: எரித்தாலும் குத்தினாலும் கோபித்துக்கொண்டு இன்னும் கறுப்பை விடும். ஆகவே ஆழமான பீலிங் எங்களுக்குக் கூடாது, மேலோட்டமானது மட்டும். அதுவும் தோலைத் தயார் செய்த பிறகு.

"பன்னிரண்டு கிழமை, மிஸ். முதலில் கிறீமால் வந்த புண் ஆறட்டும். நான் தரும் மருந்து, அதோடு சன்ஸ்கிரீன். அது இல்லாமல் நீங்கள் எதைச் செய்தாலும் காசை ஓடையில் போட்ட மாதிரி." சாதாரண சன்ஸ்கிரீனும் இல்லை, தோல் நிறத்தில் வரும் கலர் சன்ஸ்கிரீன். அதில் உள்ள இரும்பு ஒக்சைட்தான் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் மறைக்குமாம். மெலாஸ்மாவை அந்த வெளிச்சமும் கூட்டும். எங்கள் ருவான்வெல்லையில் வருசத்தில் பாதி நாள் மழை. மழை நாளில் எதற்கு என்று கேட்டேன். முகில் எல்லாவற்றையும் மறைக்காது என்றார்.

வெளியே பெஞ்சில் பிள்ளையின் தாய் இருந்தார். டொக்டர் சொன்னதைச் சொன்னேன், பிறகு அசிட் பூசுவார்களாம் என்றேன். அவர் பயந்துவிட்டார். "பாலு உறைய வைக்க ஊத்துவாங்களே, அந்த அசிட்டா டீச்சர்?" அது போமிக் அசிட், இது கரும்பிலிருந்து வரும் வகையைச் சேர்ந்த கிளைகோலிக் அசிட், சில நிமிசத்தில் கழுவிவிடுவார்கள் என்று விளக்கினேன். அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. கை முழுக்க அசிட் பட்ட தழும்பு உள்ளவர், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அசிட் எந்தக் கையில் இருக்கிறது என்பதுதானே கேள்வி. சலூனில் அன்று என் தோலை ஒருவரும் விளக்குப் பிடித்துப் பார்க்கவில்லை, ஏதாவது பூசுகிறீர்களா என்றும் கேட்கவில்லை. பாதரசம் பூசிய முகத்தோடு அந்தக் கதிரையில் படுத்திருப்பேன்.

இன்னொரு கவலையும் இருந்தது. அல்லாஹ் படைத்ததை மாற்றுகிறேனா? எனக்குத் தெரிந்த ஆலிமா ஒருவரிடம் கேட்டேன். வந்த குறையை வைத்தியம் செய்து பழைய நிறத்துக்குத் திரும்புவது வேறு, இல்லாத வெள்ளையைத் தேடுவது வேறு என்றார். அந்த டப்பாவால் நான் தேடியது இரண்டாவதைத்தான். அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

நோன்பு லீவில் முதல் பீலிங் செய்தேன். ஊறுகாய்க் கை பட்ட மாதிரி ஒரு சுருக். வுழூ செய்யலாமா என்று முதலே கேட்டு வைத்திருந்தேன்: தண்ணீர் படலாம், தேய்க்கக் கூடாது, உரியும் தோலைப் பிய்க்கக் கூடாது. ஊசி என்றால் முதல் நாள் தண்ணீரே படாமல் இருந்திருக்க வேண்டும், ஐந்து வேளைக்கும் என்ன செய்திருப்பேனோ. தராவீஹில் ஸுஜூதுக்குப் பாயில் நெற்றி உரசுகிறது என்று மகனின் பழைய பருத்தித் துணியை முஸல்லாவில் விரித்துக்கொண்டேன். மூன்று கிழமை கழித்து இரண்டாவது. பெருநாளன்று நாடியில் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. வந்த சொந்தக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதத் தேவையில்லை.

பலன்? மங்கு போகவில்லை. பாதிக்கு மேல் மங்கியிருக்கிறது. முற்றாகப் போகாது, வெயிலில் விட்டால் திரும்ப வரும் என்று டொக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். நான் பழைய மாநிறத்துக்கு வந்துகொண்டிருக்கிறேன். ஸ்டாஃப் ரூமில் ஒருவர், "டீச்சர் கறுத்துட்டீங்க" என்று கவலைப்பட்டார்.

ஸ்கூல் தொடங்கிய முதல் நாள் தரம் 9இல் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கிறீமின் பெயரை நான்தான் சொன்னேன், அது பிழை என்றும் சொன்னேன். பிள்ளைகள் சத்தமே இல்லாமல் இருந்தார்கள். அந்தப் பிள்ளைக்கு முகம் ஆறிவிட்டது. வகுப்பு முடிய வந்து, "டீச்சர், அப்ப எனக்கு பீலிங் வேணாம்தானே?" என்று கேட்டாள். உனக்கு ஒன்றுமே இல்லையே புள்ள, தொப்பி போட்டுக்கொண்டு வா என்றேன்.

அவள் டப்பாவையும் என்னிடமே கொடுத்துவிட்டாள். என்னுடையது இரண்டு, அவளுடையது ஒன்று. குப்பையில் போட்டால் மண்ணுக்குப் போகும், ஓயாவில் போட்டால் மீனுக்குப் போகும். பொலித்தீன் பையில் சுற்றி இறுக்கிக் கட்டி அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். இதை எங்கே ஒப்படைப்பது என்று தெரிந்தவர்கள் கொமென்டில் சொல்லுங்கள்.